மொட்டைமாடித் தொட்டிக்கு ஒரு முகம்

தமிழ்நாட்டில் ஒரு வீடு எழும்பி பூச்சு வேலை முடிகிற நேரத்தில் 'எலிவேஷன்' பேச்சு ஆரம்பித்துவிடும். முகப்புக்கு எந்த டைல்ஸ், பால்கனிக்குக் கண்ணாடியா ஸ்டீல் கம்பியா, காம்பவுண்டு சுவருக்கு என்ன நிறம் என்று குடும்பமே உட்கார்ந்து பேசும். மாமனார் ஒன்று சொல்வார், மருமகள் ஒன்று சொல்வாள், மேஸ்திரி மூன்றாவதாக ஒன்றைக் கட்டிவைப்பார். எல்லாம் முடிந்து கிரகப்பிரவேசத்துக்கு நாள் நெருங்கும்போது, நாலு பேர் கயிறு கட்டி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை மாடிப்படி அறைக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டின் ஆக உயரமான இடம் அதற்குத்தான். தெருமுனையில் திரும்பும்போதே கண்ணில் படுவதும் அதுதான். அதைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

தொட்டிக்குச் சொந்தபந்தங்கள் இன்னும் உண்டு. வாசலில் துருப்பிடித்த மீட்டர் பெட்டி, பக்கவாட்டுச் சுவரில் தொங்கும் ஏசி அவுட்டோர் யூனிட், கொல்லைப்புற செப்டிக் டேங்கிலிருந்து கிளம்பி மாடிவரை ஏறும் குழாய், மோட்டார் ரூம், கிராமத்து வீடுகளில் வெளியே தனியாக நிற்கும் கழிப்பறை. வீட்டுக்காக இராப்பகலாக உழைப்பவை இவைதான். ஆனால் புதுமனைப் புகுவிழா ஆல்பத்தில் இவை வந்துவிடாதபடி போட்டோகிராபர் கவனமாக நகர்ந்து நின்றுகொள்வார்.

இந்த அவலட்சணங்களின் மேல் தூரிகை எடுத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சில இடங்களில் சிரிப்பு வரும், சில இடங்களில் வியப்பு வரும். ஒன்றிரண்டு இடங்களில் ஆபத்தும் வரும்.

கறுப்புக்கு ஒரு காரணம் உண்டு

குஜராத்தின் கலோல் நகரில் துணி ஆலை நடத்திவந்த நிறுவனம் ஒன்று 1970-களின் நடுவில் பிளாஸ்டிக் தொழிலில் இறங்கியது. அங்கிருந்து வந்ததுதான் சின்டெக்ஸ் தொட்டி. அதுவரை செங்கலும் சிமென்ட்டும் வைத்துக் கட்டிய தொட்டிகள் இருந்த மாடிகளில், தோளில் தூக்கிவைக்கக்கூடிய தொட்டி வந்து உட்கார்ந்தது. இன்று எந்தக் கம்பெனி தயாரித்ததாக இருந்தாலும் பிளம்பருக்கு அது சின்டெக்ஸ் டேங்க்தான்.

அது கறுப்பாக இருப்பது தயாரிப்பாளரின் ரசனைக் குறைவால் இல்லை. தொட்டி செய்யப் பயன்படும் பாலிஎத்திலீன், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டால் நாளடைவில் நொறுங்கிப்போகும். அதோடு சேர்க்கிற கார்பன் பிளாக் என்ற கரித்தூள் அந்தக் கதிர்களைத் தானே வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காக்கிறது. வெளிச்சமும் உள்ளே போகாது. வெளிச்சம் இல்லையென்றால் பாசி பிடிக்காது. இதற்குக் கொடுக்கும் விலை, சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறக்கிறவருக்குத் தெரியும். கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் கொட்டும். பல அடுக்குத் தொட்டிகள் வந்தபிறகு வெளிப்புறம் வெள்ளை, மஞ்சள், நீலம் என்று கிடைக்கிறது. அவற்றிலும் பெரும்பாலும் நடுவே ஒரு கறுப்பு அடுக்கு ஒளிந்திருக்கும்.

ஆகவே தொட்டிக்கு வெளியே வெள்ளையோ வெளிர்நிறமோ பூசினால் எதுவும் கெட்டுப்போவதில்லை. கறுப்பு தன் வேலையைச் சுவருக்குள்ளிருந்தே செய்துகொண்டிருக்கும், தண்ணீரின் சூடும் கொஞ்சம் தணியும். அழகுக்காகச் செய்வது உபயோகமாகவும் அமைகிற அபூர்வமான இடம் இது.

விமானம் இறங்கிய மாடிகள்

இந்தியாவில் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டாடிய ஊர்களைப் பார்க்க வேண்டுமானால் பஞ்சாபின் தோவாபா பகுதிக்குப் போக வேண்டும். பியாஸ், சட்லெஜ் ஆறுகளுக்கு இடைப்பட்ட ஜலந்தர், கபூர்தலா, ஹோஷியார்பூர் வட்டாரம் அது. அங்கே கிராமத்து மாடிகளில் விமானங்கள் நிற்கின்றன. ஏர் இந்தியாவின் சிவப்பு வண்ணத்தோடு, வரிசை வரிசையாக ஜன்னல் எழுதி, வால் பகுதியெல்லாம் துல்லியமாகத் தீட்டிய விமானங்கள். பக்கத்து வீட்டில் ஒரு கால்பந்து. அதற்கடுத்த வீட்டில் இறக்கை விரித்த வல்லூறு. டிராக்டர், கப்பல், குதிரை, ராணுவ டாங்கி, பிரஷர் குக்கர் வரைக்கும் உண்டு. ஜலந்தர் மாவட்டத்து உப்பல் பூபா என்ற கிராமத்துக்கு இந்தத் தொட்டிகளைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள்.

செய்முறை எளிமையானது. இரும்புக் கம்பியில் கூடு கட்டி, அதன்மேல் வலை போர்த்தி, சிமென்ட் பூசி, காய்ந்ததும் வண்ணம் தீட்டுகிறார்கள். தண்ணீர் நிற்கும் தொட்டி உள்ளே இருக்கும். சில வீடுகளில் தொட்டியே இல்லாமல் சிலை மட்டும் அலங்காரத்துக்கு நிற்பதும் உண்டு. செய்பவர்கள் கலைக்கல்லூரி பார்த்தவர்கள் இல்லை, உள்ளூர்க் கொத்தனார்களும் பெயின்டர்களும்தான்.

தோவாபாவிலிருந்து பிரிட்டன், கனடா, அமெரிக்கா, இத்தாலி என்று பல தலைமுறைகளாக ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே சம்பாதித்து ஊரில் மூன்று மாடி வீடு கட்டுவார்கள். வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டில் ஒரு காவல்காரர் இருப்பார். வீட்டுக்காரர் யார், எப்படிப் பிழைத்தார் என்பதை ஊருக்குச் சொல்ல மாடியில் ஒரு பொருள் வேண்டியிருந்தது. வெளிநாடு போனவர் விமானம் வைத்தார். பட்டாளத்தில் இருந்தவர் டாங்கி வைத்தார். நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர் டிராக்டர் வைத்தார். விளையாட்டுச் சாமான்கள் தயாரிப்புக்குப் பெயர்போன ஜலந்தர் பக்கத்தில் கால்பந்து வந்ததில் ஆச்சரியமில்லை. வல்லூறு சீக்கியர்களின் குரு கோவிந்த் சிங்கோடு சேர்த்து நினைக்கப்படும் பறவை, அதோடு பஞ்சாபின் மாநிலப் பறவையும்கூட. அதே வட்டாரத்தில் தல்ஹன் என்ற ஊரின் குருத்வாராவில் விசா கிடைக்க வேண்டி பொம்மை விமானங்களைக் காணிக்கையாக வைத்துவந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாடியில் நிற்கும் விமானம் எவ்வளவு கனமான ஆசை என்பது விளங்கும்.

மும்பைப் புகைப்படக் கலைஞர் ராஜேஷ் வோரா இந்தக் கிராமங்களில் பல ஆண்டுகள் சுற்றி இந்தத் தொட்டிகளைப் படமெடுத்தார். அவை புத்தகமாகவும் காட்சியாகவும் வந்து, கனடாவின் கலைக்கூடச் சுவர் வரை ஏறின. கனடாவுக்குப் போனவர்களின் காசில் எழுந்த சிற்பங்கள், படங்களாகக் கனடாவுக்கே போய்ச் சேர்ந்தன.

கொல்லைப்புறத்து ஓவியம்

தொட்டியாவது உயரத்தில் இருக்கிறது, நிமிர்ந்து பார்க்கலாம். வீட்டில் யாருமே பார்க்க விரும்பாத கட்டடம் ஒன்று உண்டென்றால் அது வெளியே நிற்கும் கழிப்பறை. தூய்மை இந்தியா திட்டத்தில் தகுதியுள்ள ஊரக வீடுகளுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்து நாடு முழுக்கக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. நான்கு சுவர், ஒரு தகரக் கதவு, பின்னால் இரண்டு உறிஞ்சு குழிகள். கட்டியாகிவிட்டது, ஆனால் எல்லோரும் உள்ளே போகிறார்களா என்பது வேறு கேள்வியாக இருந்தது. சில வீடுகளில் அது விறகும் வைக்கோலும் அடுக்கும் இடமாகிவிட்டது.

2019 ஜனவரி 1 முதல் 31 வரை மத்திய குடிநீர் மற்றும் சுகாதார அமைச்சகம் 'ஸ்வச் சுந்தர் ஷௌசாலயா' என்று ஒரு போட்டி நடத்தியது. வீட்டுக் கழிப்பறைக்கு வண்ணம் தீட்டி அழகுபடுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு மாதத்தில் நாடெங்கும் கிராமங்களில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் தூரிகை எடுத்தார்கள். வட இந்தியக் கிராமங்களில் மண்சுவரில் எழுதிவந்த கோலங்களும் மயில்களும் மீன்களும் கழிப்பறைச் சுவருக்கு வந்தன. சில இடங்களில் சுவரைச் சுற்றிலும் சுகாதார வாசகங்கள். பிப்ரவரியில் ஹரியாணாவின் குருக்ஷேத்திரத்தில் நடந்த விழாவில் பரிசு கொடுத்தார்கள்.

அரசு விளம்பரம் என்று இதைச் சுலபமாக ஒதுக்கிவிடலாம். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் கழிப்பறையின் மேல் ஒரு மயிலை வரைந்த பெண், நாளைக்கு அதற்குள் விறகு அடுக்க விடமாட்டாள். ஒப்பந்ததாரர் கட்டிவிட்டுப் போன கட்டடம் அந்த மயில் வந்தபிறகுதான் வீட்டோடு சேர்கிறது. பஞ்சாப் விமானத்துக்கும் இதற்கும் காசில் எவ்வளவோ தூரம். இரண்டுமே 'இது எங்களுடையது' என்று எழுதிவைக்கிற வேலைதான்.

தர்பூசணி டாங்கும் ஒரு வால்வும்

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் வீட்டு முற்றத்தில் நீளமான வெள்ளை இரும்பு உருளை ஒன்று நான்கு கால்களில் படுத்திருக்கும். எரிவாயுக் குழாய் எட்டாத வீடுகளுக்கான புரொப்பேன் டாங்க் அது. அடுப்பு, வெந்நீர், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் எல்லாமே அதை நம்பித்தான். வழக்கமான 500 கேலன் அளவு என்றால் சுமார் 1,900 லிட்டர். பத்தடி நீளம், ஓர் ஆள் இடுப்புக்கு மேல் உயரம். பாதுகாப்பு விதிப்படி அதை வீட்டிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளித்தான் வைக்க வேண்டும். சுற்றிலும் செடிகொடிகளை நெருக்கமாக வளர்த்து மூடவும் கூடாது. டேங்கர் லாரி வந்து நிரப்ப வழி வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். ஆக, புல்வெளிக்கு நடுவே எல்லார் கண்ணிலும் படும்படி அது கிடந்தே தீரும்.

மறைக்க முடியாததை மாற்றிவிட்டார்கள். உருளை வடிவமும் உருண்ட முனைகளும் பார்த்தவுடனே ஒன்றை ஞாபகப்படுத்துகின்றன. அதனால் அங்கே அதிகம் தீட்டப்படுகிற உருவங்களில் ஒன்று தர்பூசணி. பச்சைக் கோடுகள், முனையில் ஒரு காம்பு. அடுத்தது மக்காச்சோளக் கதிர். ரோஜா நிறத்தில் பன்றி. ஹாட்டாக். ரயில் இன்ஜின். இவற்றில் கெட்டிக்காரத்தனமானது மஞ்சள் நீர்மூழ்கி. டாங்கின் முதுகில் வால்வுகளை மூடியிருக்கும் சிறு குவிமாடம் ஒன்று உண்டு. மற்ற ஓவியங்களுக்கு அது இடைஞ்சல். நீர்மூழ்கிக்கோ அதுவே மேற்கூண்டு ஆகிவிடுகிறது. பீட்டில்ஸ் குழுவின் 1968-ஆம் ஆண்டு கார்ட்டூன் படத்துக்கு இப்படியும் ஒரு மறுபிறப்பு.

ஆனால் இங்கே தூரிகைக்கு முன்னால் கொஞ்சம் பௌதிகம் படிக்க வேண்டும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும். அழுத்தத்தில் அடைத்து வைப்பதால்தான் உள்ளே திரவமாக இருக்கிறது. வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். திரவம் விரிய இடம் வேண்டுமென்றுதான் டாங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. அழுத்தம் எல்லை மீறினால் ஒரு பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து வாயுவை வெளியே விடும். டாங்குகள் வெள்ளையாகவோ வெளிர்சாம்பலாகவோ வருவது வெயிலைத் திருப்பி அனுப்பத்தான். அதன்மேல் கரும்பச்சையும் கறுப்பும் அப்பினால் கோடையில் டாங்க் சூட்டை உறிஞ்சும், வால்வு திறக்கிற நிலை வரலாம். பக்கத்தில் யாராவது அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தால் கதை வேறு மாதிரி முடியும்.

அதனால்தான் எரிவாயு விநியோகிப்பவர்கள் கெஞ்சாத குறையாகச் சொல்வது: வெளிர்நிறங்களில் வரையுங்கள், வால்வின் மேலும் ரெகுலேட்டரின் காற்றுத் துளையிலும் பெயின்ட் படக்கூடாது, டாங்கின் விவரம் பொறித்த உலோகத் தகட்டை மூடிவிடக் கூடாது. பல வீடுகளில் டாங்க் வாடகைக்கு எடுத்தது. உரிமையாளர் எரிவாயு நிறுவனம். அனுமதி இல்லாமல் பன்றி வரைந்தால் அழித்துக் கொடுக்கச் சொல்வார்கள்.

நம் ஊருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. வீட்டுச் சமையல் சிலிண்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்துதான். சிவப்பு நிறம், 14.2 கிலோ என்ற எழுத்து, கழுத்துப் பட்டையில் ஆங்கில எழுத்தோடு அடுத்த சோதனைக் கெடுவைக் காட்டும் எண் எல்லாம் பாதுகாப்புக்கான அடையாளங்கள். எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது.

ஒரு தொட்டி நகரத்தின் முகமானது

எரிவாயுத் தொட்டிக்கு வண்ணம் தீட்டியவர்களில் உலகப் புகழ் பெற்றவர் கொரிட்டா கென்ட். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியாக இருந்து, பின்னர் மடத்தை விட்டு வெளியே வந்த அமெரிக்கப் பெண் ஓவியர். வியட்நாம் போருக்கு எதிராக ஓவியங்கள் படைத்தவர். 1971-இல் பாஸ்டன் நகரின் டார்செஸ்டர் பகுதியில், 140 அடி உயரமான எரிவாயுத் தொட்டிக்காக ஓர் ஓவியம் கேட்டார்கள். அவர் சின்ன மாதிரி ஒன்றின் மேல் வானவில் நிறங்களில் சில வீச்சுகளை மட்டும் இழுத்துக் கொடுத்தார். பெயின்டர்கள் சாரம் கட்டி அதைப் பெரிதாக்கினார்கள். நெடுஞ்சாலையில் போகிற எவரும் பார்க்காமல் போக முடியாது.

நீல வீச்சின் ஓரத்தில் வட வியட்நாம் தலைவராக இருந்த ஹோ சி மின்னின் தாடி முகம் தெரிகிறது என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். கென்ட் மறுத்தார். சர்ச்சை அடங்கவே இல்லை, ஓவியமும் அழியவில்லை. 1992-இல் அந்தத் தொட்டியை இடித்தபோது, பக்கத்துத் தொட்டியின் மேல் அதே ஓவியத்தை மறுபடி தீட்டினார்கள். தொட்டி போனாலும் அதன் வானவில்லை விட ஊருக்கு மனம் வரவில்லை.

நம் கைகளில் என்ன இருக்கிறது

வெளிப்புறப் பொருள்களுக்கு வண்ணம் தீட்டுவது தமிழர்களுக்குப் புதிதில்லை. கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. கத்தரித் தோட்டத்தில் கம்பின் மேல் கவிழ்த்த பானைக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்துகிறோம். கட்டுகிற வீட்டில் கோரைப்பல் பூத முகத்தைத் தொங்கவிடுகிறோம். திருஷ்டிக்குக் கொடுக்கிற கவனத்தைத் தொட்டிக்குக் கொடுக்காததுதான் குறை.

கைவினைஞர்களும் இருக்கிறார்கள். கட்டவுட், பேனர், சுவர் விளம்பரம் என்று நாற்பதடி முகத்தைக் கட்டம் போட்டு வரையத் தெரிந்த ஒரு தலைமுறை ஓவியர்களுக்கு, ஃபிளெக்ஸ் வந்ததும் வேலை போயிற்று. 2009-ஐ ஒட்டி சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களை அகற்றிவிட்டுத் தமிழர் வாழ்வியல் காட்சிகளைத் தீட்டியபோது, அப்படி வேலை இழந்த பேனர் ஓவியர்கள் பலருக்கு அங்கே வேலை கிடைத்தது. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய முகங்களை வரைவித்தார்கள். நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் அந்தப் பகுதியைப் படமெடுக்க அப்போதுதான் பலர் முதல்முறையாக வந்தார்கள். தண்ணீரும் வேலையும் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஓவியம் கிடைத்தது என்ற விமர்சனமும் நியாயமானதே.

வீட்டு மாடிக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். உள்ளூரில் கடைப்பலகை எழுதும் ஓவியர் ஒருவர் போதும். வடிவத்தைப் பற்றி மூன்று விஷயங்களை மட்டும் அவரோடு பேசிக்கொள்ள வேண்டும்.

முதலாவது தூரம். மாடித் தொட்டியைப் பார்ப்பவர் முப்பது நாற்பது அடி கீழே நிற்கிறார். இமை மயிரும் கொலுசு மணியும் அவருக்குத் தெரியாது. பெரிய உருவம், தடித்த கோடு, மூன்று நான்கு நிறம் போதும். இரண்டாவது வளைவு. உருளையான தொட்டியில் எந்தப் பக்கம் நின்றாலும் பாதிதான் கண்ணுக்குக் கிடைக்கும். ஒரே ஒரு முகத்தை வரைந்தால் தெருவில் பாதிப் பேருக்கு அதன் காதுதான் தெரியும். சுற்றி ஓடுகிற வாத்து வரிசை, மீன் கூட்டம், பனைமரங்கள் என்றால் எங்கிருந்து பார்த்தாலும் கதை நிறையும். மூன்றாவது, பிளாஸ்டிக் தொட்டியின் உடம்பில் படுக்கைவாட்டில் ஓடும் வரிகள். அவற்றின் குறுக்கே உருவம் வரைந்தால் உருவம் நெளியும். அந்த வரிகளையே கரையாக எடுத்துக்கொண்டு கண்டாங்கிச் சேலையின் அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தால், பிளாஸ்டிக் அச்சே ஓவியருக்கு ஒத்தாசை செய்யும். கறுப்பை மெல்லிய கோடாக மட்டும் வைத்துக்கொண்டால் வெயிலுக்கும் நல்லது.

பெயின்ட் உரியாமல் இருக்க

இந்த வேலையில் ஏமாற்றம் பெரும்பாலும் ஓவியத்தால் வருவதில்லை, அடித்தளத்தால் வருகிறது. பாலிஎத்திலீன் எதையும் எளிதில் ஒட்டவிடாத பிளாஸ்டிக். நேரடியாக எனாமல் அடித்தால் ஒரு கோடைக்குள் அப்பளம் அப்பளமாக உரிந்து பக்கத்து வீட்டு வடகத்தில் விழும். முதலில் சோப்புத் தண்ணீரால் தூசியும் எண்ணெய்ப்பசையும் போகக் கழுவ வேண்டும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு மங்கும்வரை தேய்க்க வேண்டும். அதன்பின் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிரைமர் ஒரு கோட். கடைக்காரரிடம் பாலிஎத்திலீனுக்கு ஆகுமா என்று கேட்டு வாங்குவது நல்லது, எல்லா பிளாஸ்டிக் பிரைமரும் இதில் பிடிக்காது. மேலே வெயிலில் விரிந்து சுருங்கக்கூடிய அக்ரிலிக் எக்ஸ்டீரியர் பெயின்ட். இவ்வளவு செய்தும் சில ஆண்டுகளில் திருத்தம் தேவைப்படும். உள்பக்கம் ஒரு துளி பெயின்ட்கூடப் படக்கூடாது. மூடியின் விளிம்பில் அடிக்கும்போதுதான் கை தவறும்.

சிமென்ட் தொட்டி என்றால் ஓவியருக்குச் சுலபம். ஆனால் உள்ளே கசிவு இருந்தால் வெளியே வரைந்த யானைக்குத் தோல் உரியும். ஆகவே முதலில் உள்பக்கத்துக் கசிவை அடைக்க வேண்டும். புதிதாகப் பூசிய சிமென்ட்டை ஒரு மாதமாவது ஆறவிட்டு, பிரைமர் அடித்து, எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட் கொடுத்தபின் படம் வரையலாம். இரும்பு மீட்டர் பெட்டி, கதவு என்றால் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்மேல் எனாமல்.

நிறத் தேர்வில் பழைய கோயில் மதில் சொல்கிற பாடம் ஒன்று இருக்கிறது. காவி இரும்பு ஆக்சைடு, வெயிலுக்கு அசராது. மஞ்சள் காவியும் அப்படியே. பளிச்சென்ற ரோஜாவும் ஃபுளோரசன்ட் நிறங்களும் முதல் ஆண்டிலேயே சோகை பிடித்துவிடும். நீண்டநாள் நிற்க வேண்டிய ஓவியத்துக்குக் காவி, மஞ்சள் காவி, வெள்ளை, கொஞ்சம் நீலம் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மற்ற பொருள்களில் தொடக்கூடாத இடங்கள் உண்டு. மீட்டர் பெட்டியில் கண்ணாடி, சீல், மின் இணைப்பு எண் மூன்றும் மறையக்கூடாது. ரீடிங் எடுக்க வருபவர் தாமரைப் பூவுக்குள் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். மீட்டரே மின்வாரியத்தின் பொருள் என்பதால் பெட்டியின் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். மின்சாரம் ஓடும் இடத்தில் ஈரத் தூரிகையோடு கதவைத் திறக்கவே வேண்டாம். ஏசி அவுட்டோர் யூனிட்டில் பக்கவாட்டுத் தகட்டில் மட்டும் வரையலாம். பின்புறத்து மெல்லிய அலுமினியத் தகடுகளில் பெயின்ட் படிந்தால் சூடு வெளியேறாமல் மின்கட்டணம் ஏறும். செப்டிக் டேங்க் குழாயைப் பனைமரமாக்கலாம், மூங்கிலாக்கலாம். ஆனால் உச்சியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிடக் கூடாது.

ஆள் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் முந்தியது. மாடிப்படி அறையின் மேலே கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் இருக்காது. ஓவியர் தொட்டியைச் சுற்றி வரையும்போது பின்னால் ஓர் அடி நகர்ந்தால் போதும், விபரீதம். சாரமோ இடுப்புக் கயிறோ இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது, பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

வாடகை வீட்டுக்காரர்கள் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கக் கூட்டத்தில் வையுங்கள், சண்டை வரும், பரவாயில்லை. காலம் பார்த்துத் தொடங்குங்கள்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவர் காய்ந்து, கத்திரி வெயில் இன்னும் வராத தை, மாசி மாதங்கள்தான் இந்த வேலைக்குத் தோது. பொங்கலுக்கு எப்படியும் வீட்டுக்கு வெள்ளையடிப்பீர்கள். இந்த முறை பெயின்டரிடம் கூலி பேசும்போது தொட்டியையும் சேர்த்துப் பேசுங்கள். உங்கள் ஊர்க் கடைத்தெருவில் கையால் எழுதிய பலகை ஏதாவது மிச்சமிருந்தால் அதன் மூலையில் ஓவியரின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். முதல் போனை அவருக்குப் போடுங்கள்.